நீலக்கண், பழுப்புக்கண் பயிற்சியை நம் வகுப்பில் செய்யலாமா?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் ஆறாம் வகுப்பில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், செட்டிமார் பிள்ளைகள், மலையாளம் பேசும் பிள்ளைகள், பணியர் பழங்குடிப் பிள்ளைகள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் மட்டமாகப் பேசுவது நின்றபாடில்லை. அமெரிக்காவில் ஓர் ஆசிரியை கண்ணின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து, பாகுபாடு என்றால் என்னவென்று ஓரிரு நாளில் உணர வைத்தாராமே, அதை நான் செய்து பார்க்கலாமா? நம் பிள்ளைகளுக்குக் கண் ஒரே நிறம் என்பதால் பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன். பட்டால்தானே ஐயா தெரியும்?"

செய்யாதீர்கள் அம்மா. பிள்ளைகளை வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். வேறு யாரை வைத்துச் செய்யலாம் என்று பிறகு சொல்கிறேன். "பட்டால்தான் தெரியும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் நான் ஒரு காலத்தில் வழுக்கி விழுந்திருக்கிறேன் என்பதால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பயிற்சியில் நடந்தது. 1968 ஏப்ரல் 4 மாலை மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் தம் வகுப்பைக் கண் நிறப்படி இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுடையவர்கள் புத்திசாலிகள், சுத்தமானவர்கள் என்றார். மற்றவர்கள் மட்டம். மட்டமானவர்களுக்கு அடையாளமாகப் பட்டை கட்டினார். உயர்ந்தவர்களுக்கு இடைவேளையில் ஐந்து நிமிடம் கூடுதல், சாப்பாட்டில் இரண்டாவது முறை வாங்கிக்கொள்ளும் உரிமை. மட்டமானவர்கள் குடிநீர்க் குழாயில் வாய் வைக்கக் கூடாது, காகிதக் குவளைதான். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். சிறிது நேரத்திலேயே பழகிய தோழர்கள் ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வாரக்கடைசி கழிந்து, மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாற்றினார்.

பின்னர் ஓர் ஆண்டு அதே பயிற்சியைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுத்தார்கள். அது 1970-ல் வெளிவந்தது. அதில் இரண்டு இடங்களை நான் எந்த ஆசிரியரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. எழுத்து அட்டைகளை வரிசையாகப் படிக்கும் வேலை ஒன்று. கழுத்துப்பட்டை கட்டியிருந்த நாளில் ஐந்தரை நிமிடம் எடுத்த அதே குழு, பட்டையை அவிழ்த்த நாளில் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டது. அட்டை அதுதான், பிள்ளைகள் அவர்கள்தான். இன்னோர் இடம்: இடைவேளையில் ஒருவன் இன்னொருவனை வயிற்றில் குத்திவிட்டான். ஏன் என்று விசாரித்தால், "பழுப்புக் கண்" என்று கூப்பிட்டானாம். முதல் நாள் வரை அது வெறும் நிறம். ஒரு காலைப் பொழுதுக்குள் வசவாகிவிட்டது.

அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சுடும். காரணம் என் பெயர். பள்ளியில் என் பெயர் "சிலோன்".

1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து பேர். தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து மலை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டு வந்தன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் ஒன்றில் வேலை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை அங்கே லயம் என்போம், இங்கே அதற்குப் பாடி என்று பெயர். மற்றபடி அதே கொழுந்து, அதே அட்டைக்கடி, அதே மழை.

தாயகம் திரும்பியவர் என்பது காகிதத்தில் எழுதும் சொல். ஊருக்குள் நாங்கள் சிலோன்காரர்கள். அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரன் என்றார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியர் கேட்டார். பாண் என்றேன். எங்களுக்குப் பாண் என்றால் ரொட்டி. வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து ஆறு மாதம் நான் வாய் திறக்கவில்லை. தெரிந்த கணக்குக்கும் கை தூக்க மாட்டேன். விடை சரியாக இருந்தாலும் சொல் தப்பாகிவிடுமோ என்று பயம். அந்த ஐந்தரை நிமிடம் எனக்கு நன்றாகப் புரியும்.

இதுவரை சொன்னது நான் பட்டது. இனிச் சொல்வது நான் செய்தது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பணியர் பையன் வந்து சேர்ந்தான். என் பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது, அங்கே உட்கார வைத்தார்கள். பணியர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்து, ஓர் ஆண்டு உழைப்புக்கு அவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போவது வழக்கமாக இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-ல்தான். அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எனக்குக் கீழே ஒருவன் வந்துவிட்டான். அந்தச் சந்தோஷம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வயிற்றில் சூடான ஒன்று இறங்குவது போல இருந்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்று, "சார், இவன் பக்கத்தில் நாற்றம் அடிக்கிறது" என்றேன். வகுப்பு சிரித்தது. முதன்முறையாக என்னோடு சேர்ந்து சிரித்தது. அவனைக் கதவோரம் தரையில் உட்கார வைத்தார்கள். தண்ணீர்ப் பானையில் அவன் மொண்ட பிறகு நான் குவளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குடித்தேன், எல்லாரும் பார்க்கும்படி. நாற்றமெல்லாம் ஒன்றும் இல்லை. மழையில் நனைந்த துணி வாசம், எல்லார் மேலும் அடித்ததுதான். ஒரு மாதத்துக்குள் அவன் பள்ளிக்கு வருவது நின்றது.

ஆகவே, பட்டவனுக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. பட்டதால் எனக்கு வலி தெரிந்தது. பாகுபாடு தெரியவில்லை. என்னைச் சிலோன் என்றது அநியாயம் என்று நினைத்தேனே தவிர, ஒருவரைப் பெயர் வைத்துத் தள்ளுவதே அநியாயம் என்று தோன்றவில்லை. ஆளை மாற்றி நிறுத்திவிட்டார்கள், நான் நிற்க வேண்டிய இடம் இதுவல்ல என்பதுதான் என் கோபம்.

இது என் ஒருவனுடைய அற்பத்தனம் என்றால் இத்தனை எழுத வேண்டாம். நாம் எல்லாரும் பாடம் நடத்தும் காந்தியைப் பாருங்கள். 1893 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் இறக்கிவிடப்பட்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. டர்பன் அஞ்சலகத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சேர்த்து ஒரு வாசல் இருந்தது. காந்தி முன்னின்ற நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதை எதிர்த்து மனுப் போட்டது. கிடைத்த தீர்வு, இந்தியருக்கு மூன்றாவதாக ஒரு வாசல். அதை ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்கரைப் பற்றி அவர் எழுதியவற்றில் இன்று படித்தால் கூசும் வரிகள் இருக்கின்றன. பிற்காலத்தில் அவர் மாறினார், அது வேறு. நான் சொல்ல வருவது, ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இரவு மட்டும் அந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை என்பதுதான். அதற்குப் பல ஆண்டு யோசனையும் பழக்கமும் தேவைப்பட்டன. அவருக்கே அப்படி என்றால் பத்து வயதுச் சிலோன்காரனை என்ன சொல்வது!

பிரித்தால் போதும், காரணமே தேவையில்லை என்பதையும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை, திரையில் தெரிந்த புள்ளிகளின் எண்ணிக்கையை எப்படி மதிப்பிட்டார்கள் என்பது போன்ற ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லிப் பிரித்தார். ஆய்வு 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. காசு பங்கிடச் சொன்னபோது, தமக்கு ஒரு பைசா லாபம் இல்லாவிட்டாலும் தம் குழுவுக்கே சாய்த்தார்கள். தம் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்றும் பங்கிட்டார்கள். நம் ஊர்ப் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எலியட் வகுப்புக்கு வருகிறேன். அங்கே கற்றுக்கொடுத்தது எது? முதல் நாள் மிதிபட்ட பிள்ளைகள், மறுமுறை மேலே ஏறியபோது அவ்வளவு கொடூரமாக நடந்துகொள்ளவில்லை என்பதை எலியட் கவனித்தார். எனக்கு நேர்ந்ததற்கு இது நேர் எதிர். ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, இந்தப் பட்டை ஆசிரியை கட்டியது என்று. யார் கட்டினார் என்று தெரிந்தால் யார் அவிழ்க்கலாம் என்றும் தெரியும். கடைசியில் எல்லாரையும் உட்கார வைத்து, என்ன நடந்தது, எப்படி இருந்தது என்று பேச வைத்தார். என் கழுத்தில் பட்டையைக் கட்டியது யார் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. அது பிறந்தபோதே இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரைஸ்வில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஊர். அந்த வகுப்பில் நிறத்துக்காக அவமானப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. பட்டையே அறியாத கழுத்துகளுக்காக உருவான பயிற்சி அது. உங்கள் வகுப்பு அப்படியா? பணியர் பிள்ளை காலையில் உள்ளே நுழையும்போதே பட்டையோடுதான் நுழைகிறது. அதற்கு மேல் பிறந்த மாதத்துக்காக இன்னொன்று கட்டினால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? சரி, அதை மேல் குழுவில் போடலாம் என்பீர்கள். ஒரு நாள் இராஜா, மறுநாள் பழையபடி கதவோரம். அது இன்னும் மோசம். குறும்பர் பழங்குடி வீட்டுப் பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். பில்லிசூனியம் வைப்பவர்கள் என்ற பழியில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்களை அடித்துக் கொன்ற நிகழ்வுகள் இந்த மலையின் பதிவுகளில் இருக்கின்றன. அந்தப் பேச்சின் மிச்சம் இன்றும் சில வீடுகளில் உண்டு. ஒரு நாள் விளையாட்டில் யார் வாயிலிருந்து எது வெளியே வரும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. சொல்லி முடித்த சொல்லை மாலை நான்கு மணிக்குத் திரும்ப வாங்கவும் முடியாது.

அமெரிக்காவில் ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற வெள்ளை எழுத்தாளர் 1959-ல் வெண்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையை விழுங்கி, புற ஊதா விளக்கில் கிடந்து, தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு தென் மாநிலங்களில் சில வாரங்கள் சுற்றினார். துணிச்சல்காரர், சந்தேகமில்லை. அதை எழுதியதற்காக மிரட்டல்களையும் சந்தித்தார். ஆனாலும் மாத்திரையை நிறுத்தினால் பழைய தோல் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் எழுதியதை வெள்ளையர்கள் நம்பினார்கள். அதையே அத்தனை காலம் சொல்லிவந்த கறுப்பர்களை நம்பவில்லை. பட்டுப் பார்க்கக் கிளம்பும் நல்லவர்களைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். பட்டவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், அவரிடம் கேட்டால் என்ன?

இப்போது யாரை வைத்துச் செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நம்மை வைத்து. ஆசிரியர்களை வைத்து.

சில ஆண்டுகளுக்கு முன் கூடலூரில் ஒரு சனிக்கிழமை பதினான்கு ஆசிரியர்களை அழைத்திருந்தோம். இது ஒரு பயிற்சி, கொஞ்சம் சங்கடமாக இருக்கும், வேண்டாம் என்பவர் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பொய் சொல்லி மனிதரை மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது. எலியட் மேல் எனக்குள்ள குறையே அதுதான். பாடம் நடத்த, காப்பிப் பழம் பறிக்கப் போகும் பணியர் பெண்மணி ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு சணல் பையில் பத்துப் பன்னிரண்டு வகைக் கீரையும் இலையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எது எந்த மாதம் வரும், எதை நண்டோடு சமைப்பார்கள், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக் கூடாது. இதுதான் பாடம். முழுக்கப் பணியர் மொழியில். ஒரு முறைதான் சொல்வார், திருப்பிச் சொல்ல மாட்டார். தமிழில் கேட்டால் காதில் விழாதது போல இருப்பார். நடிக்க வராது என்று முதலில் வெட்கப்பட்டார். ஐந்து நிமிடத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கண்டிப்பான ஆசிரியையாகிவிட்டார்.

மலையாளம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். பணியர் மொழிக்கும் மலையாளத்துக்கும் நெருக்கம் உண்டு. அவர்களைப் பார்த்து அம்மாள் தலையசைத்தார், அவர்கள் முன் வரிசைக்கு நகர்ந்தார்கள். மற்றவர்களைச் சொல்கிறேன். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு டீச்சர் நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் கழிவறைக்குப் போய்விட்டு வெகுநேரம் திரும்பவில்லை. இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள கணக்கு ஆசிரியரை எழுப்பி ஓர் இலையைக் காட்டிக் கேட்டார். அவர் வேறொன்றை எடுத்து நீட்டினார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இலையை அவர் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கணக்கு ஆசிரியரின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

நான் பின்னால் உட்கார்ந்து ஒரு பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் நேரே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கவனமில்லை. மந்தம். அடிக்கடி வெளியே செல்கிறார். கற்பதில் ஆர்வமில்லை, குடும்பச் சூழல் காரணமாக இருக்கலாம். எதையும் நான் புதிதாக யோசித்து எழுதவில்லை. முப்பது ஆண்டு நான் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எழுதிய அதே சொற்கள்தான்.

பிறகு அம்மாள் அதே பாடத்தைத் தமிழில் பதினைந்து நிமிடம் எடுத்தார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். அதன் பின்தான் பதிவேட்டை வாசித்தேன். ஒருவர் கோபப்பட்டார்: "என்னை மந்தம் என்று எப்படி எழுதலாம்?" இன்னொருவர் இது வெறும் மொழிப் பிரச்சினை, சாதியோடும் பழங்குடியோடும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்றார். நல்ல கேள்வி, அரை மணி நேரம் ஓடியது. பூ வரைந்த டீச்சர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதனால் மனம் மாறுமா என்று கேட்டால், அளவோடு எதிர்பாருங்கள். எலியட் பாணிப் பயிற்சியைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. சில பிரிவினர் மேல் வெள்ளை மாணவர்களின் மனப்பான்மை மேம்பட்டது. கறுப்பர் விஷயத்தில் மாற்றம் சொற்பம்தான். பாரபட்ச எண்ணம் தமக்குள் தலைகாட்டும்போது அவர்களுக்குத் தம் மேலேயே கோபம் வந்ததாகவும் அதில் தெரிந்தது. அந்தக் கோபம் கொஞ்ச நாளில் பயிற்சி கொடுத்தவர் மேல் திரும்பிவிடும் என்பது என் அனுபவம். கணக்கு ஆசிரியர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போதும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

உங்கள் ஆறாம் வகுப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டாம். யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதை வாராவாரம் மாற்றுங்கள். சத்துணவில் தண்ணீர் ஊற்றும் முறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றுக்கு விடுங்கள். யார் ஊற்றும்போது யாருக்குத் தாகம் எடுக்காமல் போகிறது என்று பாருங்கள், ஒரே வாரத்தில் உங்களுக்கு வகுப்பின் வரைபடம் கிடைத்துவிடும். வசவாகப் புழங்கும் பெயர்களை வெறுமனே தடை செய்யாமல், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் முதலில் சொன்னது என்று பேசுங்கள். பணியர் மொழியில் பத்துச் சொல் நீங்கள் கற்றுக்கொண்டு தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும், உங்களைப் பார்த்து.

ஆசிரியர்களுக்கு அந்தக் கீரைப் பாடத்தை வைப்பதாக இருந்தால், வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைவிடக் கூடுதலாக, கையில், எல்லார் முன்னும் கொடுங்கள். பாடத்துக்கு எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு பேசுவதற்கு ஒதுக்குங்கள். தேநீரைக் கடைசியில் வைக்காதீர்கள், பாடம் முடிந்ததும் பேச உட்காரும் முன் வைத்துவிடுங்கள். நாங்கள் கடைசியில் வைத்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் தம்ளர். குடித்துவிட்டு நாங்கள் பதினைந்து பேரும் தம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தோம். அம்மாள் மட்டும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய், கழுவி, சுவரோரம் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நேரம் ஆகிவிட்டது, வண்டி வந்துவிட்டது என்று எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். தேநீரை முன்னால் வைத்தால் அதையும் சேர்த்துப் பேச உங்களுக்கு நேரம் இருக்கும்.